ஊசி போடக் கற்க நான்கு வருடமா? செவிலியர் பட்டப்படிப்பு அனுபவங்கள்

வைகைக்காரி

உறவினர் திருமணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஊசி போடக் கற்க நான்கு வருடமா அம்மா? நம் ஊர் கம்பவுண்டர் நான்கே மாதத்தில் கற்றுக்கொண்டாரே." கோபம் வரவில்லை. ஊசியை நாங்களும் முதல் வருடத்திலேயே முடித்துவிட்டோம். மீதிக் காலத்தில் என்னதான் கற்றோம்? பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள் சொல்லுங்கள். பாடங்களின் பட்டியல் வேண்டாம். அது யாருக்கு, எந்த இடத்தில் உதவியது என்று சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். எனக்கு அது மூச்சு எண்ணுவது. நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. நாடி பார்ப்பதாகவே பாவனை செய்துகொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்கு மாற்றி முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்துவிட்டால் யாரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள்.

மெடிக்கல் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். கேஸ் ஷீட்டில் மூச்சுக்கான கட்டங்களில் வரிசையாக 20, 20, 20. (படித்தவர்களுக்கு இந்த இருபதைத் தெரியும். எண்ணாதவர்கள் எழுதும் எண் அது.) நான் எண்ணியபோது 34 வந்தது. பி.பி. சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை. "நன்றாகத்தான் இருக்கிறேன் தாயி" என்றார். ஆனால் அந்த மூன்று சொற்களுக்கு நடுவே இரண்டு முறை மூச்சு வாங்கினார். உடல்நிலை சரியும்போது பல நேரம் பி.பி. இறங்கும் முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும் என்று டியூட்டர் சொல்லியிருந்தார். வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். ஆக்சிஜன் அளவு 86. மாலைக்குள் ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள்.

பொருநைக்கரை

எனக்கு லேபர் வார்டு. கர்ப்பிணியின் வயிற்றின் மேற்பகுதியில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் உட்கார வேண்டும். கருப்பை எத்தனை முறை இறுகுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி நீடிக்கிறது என்று குறித்து பார்ட்டோகிராஃபில், அதாவது பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று காட்டும் வரைபடத்தில், ஏற்ற வேண்டும். சத்தத்தை வைத்து வலியை அளக்காதே என்பது எங்கள் மேடத்தின் முதல் கட்டளை.

ஓர் இரவு, முதல் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்தி வார்டையே அலறவைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அங்கே நின்றார்கள். கடைசிக் கட்டிலில் மூன்றாவது பிரசவத்துக்கு வந்த அக்கா ஒருவர், சுவரைப் பார்த்தபடி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கையை வைத்தேன். பத்து நிமிடத்தில் நான்கு முறை, ஒவ்வொன்றும் 50 விநாடிக்குக் குறையவில்லை. சிஸ்டரை அழைத்து வந்து கையுறை மாட்டுவதற்கும் குழந்தையின் தலை தெரிவதற்கும் சரியாக இருந்தது. அலறிய பெண்ணுக்கு மறுநாள் மதியம்தான் பிரசவம் ஆனது.

நீலமை

எல்லோரும் இனிப்பாகவே எழுதினால் எப்படி? நான்கு வருடத்தில் நான் அதிகம் செய்தது ரெக்கார்டு எழுதியதுதான். கேர் பிளான் (நோயாளியைப் பராமரிக்கும் திட்டம்), கேஸ் ஸ்டடி, மருந்து விவரம், நலக்கல்வி சார்ட்! சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து நாங்கள் எழுத, எங்கள் நோட்டைப் பார்த்து ஜூனியர்கள் எழுதினார்கள். இல்லாத நோயாளிகள் எத்தனை பேர் அந்தப் பக்கங்களில் குணமடைந்து வீடு திரும்பியிருப்பார்களோ! படிப்பில் மாற்ற வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் குறை சொல்லமாட்டேன். கேர் பிளானில் 'ஏன் இதைச் செய்கிறோம்' என்று ஒரு பத்தி உண்டு. பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி சண்டைக்கே வந்துவிட்டார். "தூங்குகிற மனிதரை ஏன் பிள்ளே பாடாய்ப் படுத்துகிறாய்?" அவரை அருகில் உட்காரவைத்து, கணவரின் இடுப்பெலும்பின் மேல் சிவந்திருந்த தோலை விரலால் அழுத்திக் காட்டினேன். விரலை எடுத்தும் சிவப்பு வெளுக்கவில்லை. அழுத்தத்தில் அந்த இடத்துக்கு ரத்தம் போகாததன் தொடக்கம் அது; விட்டுவைத்தால் புண்ணாகும் என்றேன். அதற்குப் பிறகு நான் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனாலும் திட்டு விழுந்தது.

அடையாறு ஆலமரம்

நீலமையின் ரெக்கார்டு புலம்பலில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் மனநலப் பிரிவில் எழுதவைக்கும் உரையாடல் பதிவை யாரும் காப்பி அடிக்க முடியாது. நோயாளி சொன்னது ஒரு பத்தி, நாம் சொன்னது ஒரு பத்தி, அதிலிருந்து புரிந்துகொண்டது ஒரு பத்தி. நானே பேசித் தள்ளியிருக்கிறேன் என்பது தாளில் பார்த்தால்தான் தெரியும்.

கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் போஸ்டிங். 1794இல் தொடங்கப்பட்ட இடம். பல வருடங்களாக அங்கே இருக்கும் ஓர் அம்மா, முதல் நாளே கேட்டார்: "நீ எப்போது போவாய்?" உறவு தொடங்கும்போதே அது முடியும் நாளையும் சொல்லிவிட வேண்டும் என்பது, செவிலியர்-நோயாளி உறவைப் பற்றிய பெப்லாவ் என்பவரின் கோட்பாட்டில் படித்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது பெரிதாகத் தோன்றவில்லை. கடைசி நாளைச் சொன்னேன். "சரி, அதுவரைக்கும் வா" என்று பல்லாங்குழியை எடுத்துவைத்தார். தேதி சொல்லாத தோழியிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மேட்டூர் மகன்

ஆண்களும் படிக்கிறோம், நினைவிருக்கட்டும். கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவோடு துணை சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போன காலம் அது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. நடந்து பார்த்தால்தான் அந்தக் கணக்கின் கனம் தெரியும்.

ஒரு பாட்டிக்கு 20 யூனிட் இன்சுலின் எழுதியிருந்தார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை. ஒளித்து வைத்து இனிப்புத் தின்கிறார் என்று மருமகள் சொல்ல, பாட்டி அழுகிறார். "மருந்துப் பையைக் காட்டுங்கள்" என்றேன். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு வேண்டும். பையில் இருந்ததோ ஆரஞ்சு மூடி, 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 கோடு இழுத்தால் 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான் உடம்புக்குள் போகும். பாட்டி பாதிக்கும் குறைவான மருந்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இதுவே தலைகீழாக இருந்திருந்தால் இரண்டரை மடங்கு போய் மயங்கி விழுந்திருப்பார். மருந்தியல் வகுப்பில் இரண்டு சிரிஞ்சுகளையும் கையில் கொடுத்துக் கணக்குப் போடவைத்த டியூட்டருக்கு அன்று மாலையே போன் செய்தேன்.

வைகைக்காரி, உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஊசி போடுவதைப் பற்றிய கதைதானே!

ஒரு தந்தை

மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவு, தமிழ் வழி. சேர்க்கலாமா? ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்கிறாள்.

வைகைக்காரி

தாராளமாகச் சேருங்கள் ஐயா. எங்கள் காலத்தில் வருடத் தேர்வு. 2021 முதல் செமஸ்டர் முறை வந்துவிட்டது, மொத்தம் எட்டு. உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் ஆங்கிலத்தில் வருவதால் முதல் ஆறு மாதம் சிரமப்படுவாள். நானும் தமிழ் வழிதான்; எலும்புகளின் பெயர்களை விடுதிச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தேன். தலை சுற்றல் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தது, போகப்போகப் பழகிவிட்டது. வார்டுக்குப் போகும் நாளில் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்க மட்டும் விடாதீர்கள்.