குளுவாங் ரயில் நிலையத்தைச் சுற்றி வணிக வட்டாரம் தேவையா?

குளுவாங் வாசி:
2025இல் இ.டி.எஸ். எனும் விரைவு மின்ரயில் ஜொகூர் மாநிலத்தில் உள்ள நம் ஊருக்கு வந்துவிட்டது. இனி நிலையத்தை ஒட்டிய நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுக் கடைவீடுகளை எழுப்ப விடாமல், அலுவலகங்கள், தங்கும் விடுதி, பேருந்து நிறுத்தம் யாவும் நடந்து செல்லும் தொலைவில் அமையுமாறு ஒரே வணிக வட்டாரமாகத் திட்டமிட வேண்டும். தோக்கியோவின் மருனோவுச்சி வட்டார நிலத்தை மிட்சுபிஷி 1890இல் மொத்தமாக வாங்கியது. அங்கு முதல் அலுவலகக் கட்டடம் 1894இல் எழுந்தது. தோக்கியோ நிலையம் திறக்கப்பட்டதோ 1914இல்தான். நிலம் ஒரே கையில் இருந்ததால் ரயிலுக்கு முன்பே திட்டம் நடந்தது.

ரெங்கம் தோட்டத்தான்:
ஐயா, தோக்கியோ தலைநகரம். நம்முடையது ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். 2001இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் சென்ட்ரல், பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில் முற்றமாக இருந்த 72 ஏக்கரில் எழுந்தது. கொமுட்டர் புறநகர் ரயில், எல்.ஆர்.டி. இலகு ரயில், விமான நிலைய விரைவு ரயில் எல்லாம் அங்கே கூடுவதால் வேலைக்கு வந்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் வழியாக ஓடுவது ஒரே ரயில் சேவைப் பாதைதான். அதிலும் நம் பிள்ளைகள் பிழைப்புக்காக ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். கட்டடம் காலியாகக் கிடக்க, பக்கத்துப் பழைய கடைகளின் வாடகை மட்டும் ஏறும்.

குளுவாங் வாசி:
அவர்கள் போவதற்குக் காரணமே இங்கு அலுவலகம் இல்லாததுதான். தாங்கள் சொன்ன சென்ட்ரலிலேயே பாடம் இருக்கிறது. 2003இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலின் நிலையம் தனியே நின்றது. 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகே பயணிகள் கூரைக்குக் கீழ் நேராக நடந்துசெல்ல முடிந்தது. முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் இணைப்புக்கு இவ்வளவு காலம் பிடிக்கும்.

மெங்கிபோல் சாலை:
நம் நிலையத்துக் காப்பிக்கடை 1938 முதல் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு எந்த வட்டாரமும் தேவைப்படவில்லை. (ரொட்டிக்காகவே வருகிறவர்களை வணிகத் திட்டத்தில் எப்படிக் கணக்கிடுவார்களோ!)

ரெங்கம் தோட்டத்தான்:
இணைப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அது தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களிலிருந்து தொடங்க வேண்டும். சொந்த வாகனம் இல்லாத குடும்பம் விடியற்காலை ரயிலைப் பிடிக்க வழியில்லாதபோது கோபுர அலுவலகம் யாருக்கு? 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது பொதுமக்கள் ஆட்சேபம் எழுதித் தரலாம். அப்படி ஒரு வரைவு வந்தால், ரயில் நேரத்தோடு பொருந்தும் தோட்டப் பேருந்துக்கு நிலையத்தின் வாசலிலேயே இடம் ஒதுக்கிவிட்டு, பிறகு அலுவலகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் எழுதுவேன்.