ரஷ்ய ஆமையின் நகம் பக்கவாட்டில் திரும்பிவிட்டது, வெட்டலாமா?

மெதுநடை:

வணக்கம். என்னிடம் ஒரு ரஷ்ய ஆமை இருக்கிறது. ஆண், ஓட்டின் நீளம் 14 சென்டிமீட்டர், என்னிடம் வந்து 3 வருடம் ஆகிறது. சாப்பாட்டில் குறை இல்லை, வைத்த இலை எல்லாம் காலியாகிவிடும். ஆனால் இரண்டு மாதமாக அதன் முன்கால் நகங்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. நேராக இருந்தவை கொக்கி போல வளைந்துவிட்டன, இடது முன்காலில் ஓரத்து நகம் அப்படியே பக்கவாட்டில் திரும்பிவிட்டது. நடக்கும்போது அந்தக் காலை முழுதாக ஊன்றாமல் வெளிப்பக்கம் சாய்த்து வைக்கிறது. நேற்று அறைக்குள் விட்டபோது தரைவிரிப்பு நூலில் நகம் மாட்டி, காலை எடுக்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. நான் பக்கத்தில் இருந்ததால் சரி, இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து இரவு தூக்கமே வரவில்லை.

நாம் பயன்படுத்தும் சாதாரண நகவெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டது, எனக்கும் கை நடுங்கியது, விட்டுவிட்டேன். நகம் கறுப்பாக இருப்பதால் உள்ளே ரத்தக்குழாய் எதுவரை வருகிறது என்றும் தெரியவில்லை. இன்னொன்று, முன்காலில் 4 நகம்தான் இருக்கிறது, ஒன்று எப்போதாவது உடைந்து விழுந்திருக்குமா?

கல்லும்மண்ணும்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எதுவும் விழவில்லை, ரஷ்ய ஆமைக்கு முன்காலில் 4 நகம்தான். இதை வைத்தே பலர் இனத்தை அடையாளம் பார்ப்பார்கள்.

வெட்டாமல் விட்டது நல்லது. நம் நகவெட்டி தட்டை நகத்துக்காகச் செய்தது. ஆமை நகம் கனமாக, கூம்பு போல இருக்கும், அதை இரண்டு தட்டையான விளிம்புக்கு நடுவில் வைத்து நசுக்கினால் நெடுக்காகப் பிளந்துவிடும், அந்தப் பிளவு மேலே சதை வரைக்கும் கூடப் போகும்.

நகம் நீளமாக இருப்பது மட்டுமே குற்றம் இல்லை. இந்த இனம் வெயிலும் குளிரும் அதிகமான காலத்தை மண்ணுக்குள் வளை தோண்டிப் படுத்தே கழிக்கிறது, முன்கால் நகம்தான் அதற்கு மண்வெட்டி. அதனால் நல்ல கனமான நகம் இருக்கத்தான் வேண்டும். நான் பார்ப்பது நீளத்தை இல்லை, காலை. தட்டையான தரையில் விட்டுவிட்டு, நீங்களும் தரையோடு தலையை வைத்துப் பாருங்கள். பாதம் நேராகப் பதிகிறதா, நகம் தள்ளுவதால் விரல் திரும்புகிறதா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த ஓரத்து நகத்துக்குக் கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும், மற்றவை அவ்வளவு அவசரம் இல்லை.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: அது எதன்மேல் நடக்கிறது? ஒரு நாளில் எவ்வளவு நேரம்? அலகும் வளர்ந்திருக்கிறதா?

மெதுநடை:

கண்ணாடித் தொட்டிதான், 90 சென்டிமீட்டர் நீளம். அடியில் தேங்காய் நார்த்தூள், ஈரமாகவே வைத்திருப்பேன். வெளியே விடுவது வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் தரைவிரிப்பில். அலகைக் கவனித்ததில்லை, இப்போது பார்த்தேன், மேல் அலகு கீழே கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. புற ஊதா விளக்கு இருக்கிறது, வாங்கியதிலிருந்து அதே குழல்தான், நன்றாகவே எரிகிறது.

கல்லும்மண்ணும்:

அப்படியென்றால் நகவெட்டியைவிடத் தொட்டிதான் முதலில் மாற வேண்டும்.

நகம் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்மானம்தான் அதற்குக் கணக்கு வைக்கிறது. மண்ணிலும் கல்லிலும் நாள் முழுக்க நடந்து, ஏறி, தோண்டி இருந்தால் வளர்கிற அளவு தேயும். நார்த்தூள் கெட்டது என்று சொல்லவில்லை, ஈரப்பதம் பிடித்து வைக்கும், தோண்டவும் சுகம், ஆனால் பஞ்சு மெத்தையில் நடப்பது மாதிரி, ஒரு மில்லிமீட்டர் கூடத் தேய்க்காது. ஒரு பகுதியில் மட்டும் அதை விட்டுவிட்டு மீதியில் மண்ணும் மணலும் கலந்து இறுக்கிப் போடுங்கள். சாப்பாடு வைக்கும் இடத்தில் பெரிய தட்டைக் கல் ஒன்று வையுங்கள், தினமும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். இலையைக் கல்மேலேயே வைத்தால் கடிக்கும்போது அலகும் கொஞ்சம் உரசித் தேயும். கல் சொரசொரப்பாக இருக்கலாம், கூராக இருக்கக் கூடாது, ஆமை அடி ஓட்டை இழுத்துக்கொண்டு போகும், அது கீறிவிடும். இதே காரணத்தால்தான் முழுக்கச் சிமெண்டுத் தரையில் விடுவதும் எனக்குப் பிடிக்காது, அங்கே நகம் தேவைக்கு மேல் தேய்ந்துவிடும்.

90 சென்டிமீட்டர் இடம் போதாது. எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்குங்கள்.

விளக்கு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெளிச்சம் வருவதும் புற ஊதா பி கதிர் வருவதும் ஒன்றல்ல. குழல் பளிச்சென்று எரியும், கதிர் மட்டும் மெல்லக் குறைந்திருக்கும், அதனால்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் டி3 வைட்டமின் உருவாகாது, டி3 இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. நகமும் அலகும் சேர்ந்தே வளர்கிறது, குழல் 3 வருடப் பழசு என்றால், ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள். ஓட்டை லேசாக அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் நாளைக்கே போங்கள்.

ஓட்டுக்காரி:

நான் வீட்டிலேயே வெட்டிப் பழகியவள், பழகும்போது ஒருமுறை தப்பும் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அவசரத்தில் ஒரே வெட்டில் பாதி நகத்தை எடுத்துவிட்டேன், ரத்தம் வந்தது, அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சை உஸ் என்று விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு வலித்தது, அது என்னால்.

இப்போது செய்வது இப்படி. வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை உயரத்துக்கு மேல் போகாமல், 15 முதல் 20 நிமிடம் நிற்க வைப்பேன். நகம் கொஞ்சம் இளகும், ஆமையும் அமைதியாகும். அப்புறம் துடைத்து, கவிழ்த்த கிண்ணம் ஒன்றின்மேல் அடி ஓடு படும்படி வைப்பேன், கால்கள் தரையில் படாமல் தொங்கும், பிடிமானம் இல்லாததால் ஓடவும் முடியாது. மல்லாக்கப் போடாதீர்கள், அதற்கு அது பெரிய பயம். காலை இழுத்துக்கொண்டால் பிடித்து இழுக்கவும் கூடாது, காத்திருங்கள், தானாக நீட்டும்.

பூனைக்குப் பயன்படுத்தும் கத்தரி மாதிரியான நகவெட்டி போதும். நுனியில் 1 மில்லிமீட்டர், அவ்வளவுதான். வெளிர் நகமாக இருந்தால் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும். உங்களுடையது கறுப்பு என்பதால் வெட்டியே போகாதீர்கள், நுனியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அரத்தால் தேயுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான, நிறம் மாறிய புள்ளி தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். நகம் நீளும்போது உள்ளே இருக்கும் ரத்தக்குழாயும் கூடவே நீண்டிருக்கும், நுனி குறையக் குறைய அதுவும் மெல்லப் பின்வாங்கும், அதனால் சில வாரம் இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவையாகச் செய்வதுதான் சரி.

ரத்தம் நிறுத்தும் ஸ்டிப்டிக் பொடியைத் தொடங்கும் முன்னாலேயே திறந்து பக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் சோளமாவை அழுத்திப் பிடிக்கலாம். ரத்தம் வந்துவிட்டால் அன்றைக்கு மண்ணில் விடாமல் சுத்தமான காகிதத்தின்மேல் வைத்திருங்கள், தண்ணீரிலும் விடாதீர்கள். சில நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மருத்துவர்தான். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள், ஆமைகளிடம் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி சாதாரணமாக இருக்கும்.

பக்கவாட்டில் திரும்பிய அந்த ஒரு நகத்தை மட்டும் முதல் தடவை மருத்துவர் கையால் செய்யச் சொல்லுங்கள். எப்படிப் பிடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அதற்கே போகலாம்.

குளத்தோரம்:

இடையில் ஒரு சந்தேகம், என்னிடம் இருப்பது சிவப்புக் காது நீர் ஆமை, அதற்கும் முன்கால் நகம் மிக நீளம், பின்காலில் குட்டை. இதையும் வெட்ட வேண்டுமா?

ஓட்டுக்காரி:

வேண்டவே வேண்டாம். அது ஆண். பெண் ஆமையின் முகத்துக்கு முன்னால் அந்த நகங்களை அதிரவிட்டுத்தான் துணை தேடும், அந்த நீளம் அதற்கு இயல்பு.

மெதுநடை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் போய் வந்தேன். ஓடு கெட்டியாகத்தான் இருக்கிறது, அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை. ஓரத்து நகத்தை அவரே கொஞ்சம் வெட்டித் தேய்த்துவிட்டார், ஒரு சொட்டு ரத்தம் இல்லை, மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அலகுக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம், கல்மேல் சாப்பிடட்டும் என்றார். புதுக் குழல் மாட்டியாகிவிட்டது. பெரிய மரப்பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், அதுவரை தொட்டியிலேயே கல்லை வைத்துவிட்டேன். முதல் நாள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஏறவில்லை, இன்று காலை இலை வைப்பதற்கு முன்னாலேயே அதன்மேல் ஏறி நின்றது. இடது காலை இன்னும் சாய்த்துத்தான் வைக்கிறது, ஆனால் முன்பு இருந்த அளவுக்கு இல்லை.