ஒரே மாடல், மூன்று இன்ஜின்: கார்பன் வரி போட்ட பிறகு எது மலிவு?

மும்முனை:

வணக்கம். கார்பன் டை ஆக்சைடு கிராமை வைத்துக் கார் வரி போடும் நாடுகளின் விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாடலில் டர்போ பெட்ரோல் 100 கி.மீ.க்கு 6 லிட்டர், டீசல் 5 லிட்டர், ஹைப்ரிட் பெட்ரோல் 4.6 லிட்டர் என்று போட்டிருக்கிறது. வரிக்கு முந்தைய விலையில் பெட்ரோல்தான் மலிவு. ஆனால் வரி ஏறியதும் வரிசை நாட்டுக்கு நாடு மாறிவிடுகிறது. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் லிட்டரில் இவ்வளவு வித்தியாசம் இருக்க, கிராமில் ஏன் அவ்வளவு இல்லை? பெரிய வீல் தேர்ந்தெடுத்தால் வரியும் சேர்ந்து ஏறுகிறதே, இன்ஜின் அதேதானே? கிராமை மட்டும் பார்த்து டீசல் எடுப்பது சரியா?

கிராம்கணக்கு:

முதல் கேள்வி எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.32 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், டீசலில் 2.65 கிலோ. டீசல் அடர்த்தியான எரிபொருள், லிட்டருக்குக் கார்பன் அதிகம். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்பதைப் பெட்ரோலுக்கு 23.2-ஆலும் டீசலுக்கு 26.5-ஆலும் பெருக்கினால் கி.மீ.க்கு எத்தனை கிராம் என்று கிடைத்துவிடும். உங்கள் பெட்ரோல் 139, டீசல் 133, ஹைப்ரிட் 107. லிட்டரில் டீசல் 17 சதவீதம் குறைவு, கிராமில் 5 சதவீதம்கூட இல்லை. லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்று மைலேஜ் சொல்லிப் பழகியவர்கள் 2,320-ஐ மைலேஜால் வகுத்தால் போதும் (டீசலுக்கு 2,650). 20 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் கார் 116 கிராம், அதே 20 கொடுக்கும் டீசல் 133. விளம்பரத்தில் போட்டிருக்கும் கிராமும் மைலேஜும் இந்தக் கணக்கில் ஒத்துவரவில்லை என்றால், இரண்டில் ஒன்று வேறொரு வேரியண்ட்டுடையது.

விலை விஷயத்துக்கு வருவோம். "கார்பன் வரி" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வரிகள் உலவுகின்றன. உங்கள் பட்டியல்கள் குழம்புவது இதனால்தான்.

முதல் வகை, வாங்கும்போது விலையில் சதவீதமாகப் போடுவது. அயர்லாந்து 2008 ஜூலை 1 முதல் பதிவு வரியை இன்ஜின் கொள்ளளவிலிருந்து கிராமுக்கு மாற்றியது. அன்றைய அட்டவணையில் 120 கிராம் வரை 14 சதவீதம், 121 முதல் 140 வரை 16, 141 முதல் 155 வரை 20, அப்படியே ஏறி 225-க்கு மேல் 36. இப்போது படிகள் கூடிவிட்டன, சதவீதங்களும் மாறிவிட்டன. ஆனால் கணக்குப் புரிய பழைய அட்டவணைதான் வசதி. இந்தச் சதவீதம் வரியும் உள்ளடங்கிய இறுதி விலையின் மேல் போடப்படுகிறது. பலரும் அடக்கவிலையை 1.16-ஆல் பெருக்கிவிட்டு, பில் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்பார்கள். 0.84-ஆல் வகுக்க வேண்டும். மதிப்புக் கூட்டு வரி சேர்த்து 20,000 யூரோ வரும் கார் 14 சதவீதப் படியில் 23,256 ஆகும், 16-இல் 23,810, 20-இல் சரியாக 25,000. அதாவது 140 கிராமிலிருந்து 141-க்குப் போனால் அந்த ஒரு கிராமுக்கு 1,190 யூரோ. 124-இலிருந்து 139-க்கு 15 கிராம் ஏறினாலோ வரியில் பைசா மாறாது.

இந்த வகையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனியிலேயே பொருத்தி வரும் கூடுதல் வசதிகளும் இறுதி விலையில் சேர்வதால் அவற்றுக்கும் வரி உண்டு. 20 சதவீதப் படியில் 1,000 யூரோ இருக்கை உங்களுக்கு 1,250-க்கு வந்து சேரும்.

இரண்டாவது வகை, கிராமுக்கு இவ்வளவு என்று விலையோடு சம்பந்தமில்லாமல் போடுவது. பிரான்ஸ் 2008-இல் தொடங்கியபோது அது படிகளாகத்தான் இருந்தது: 160-ஐத் தாண்டினால் 200 யூரோ, 165-ஐத் தாண்டினால் 750, 200-ஐத் தாண்டினால் 1,600, 250-ஐத் தாண்டினால் 2,600. பிறகு அதைக் கிராம் கிராமாக ஏறும் அட்டவணையாக்கினார்கள். 2025-இல் 113 கிராமில் 50 யூரோவில் தொடங்கி, 192-ஐத் தாண்டினால் 70,000 வரை போனது. எடைக்குத் தனி வரி வேறு. இந்த மாதிரியில் விலை குறைந்த கார்தான் அதிகம் அடிபடும். 20,000 யூரோ காரும் 60,000 யூரோ காரும் ஒரே கிராமுக்கு ஒரே தொகை கட்டுகின்றன.

மூன்றாவது வகை ஆண்டு வரி. ஜெர்மனியில் கொள்ளளவும் கிராமும் சேர்ந்த கணக்கு. ஒவ்வொரு 100 சி.சி.க்கும், பாதி வந்தாலும் முழுசாக எண்ணி, பெட்ரோலுக்கு 2 யூரோ, டீசலுக்கு 9.50. அதோடு 2021 முதல் பதிவான கார்களுக்கு 95 கிராமுக்கு மேல் கிராமுக்கு 2 யூரோ, 115-க்கு மேல் 2.20, இப்படியே 195-க்கு மேல் 4 யூரோ வரை. 999 சி.சி. பெட்ரோல், 120 கிராம் என்றால் 20 + 40 + 11, ஆக 71 யூரோ. 1,499 சி.சி. டீசல், 115 கிராம் என்றால் 142.50 + 40, முழு யூரோவாகக் குறைத்து 182. கிராம் குறைந்த டீசலுக்கு இரண்டரை மடங்கு வரி! காரணம், அங்கே எரிபொருள் வரி டீசலுக்கு லிட்டருக்கு 47.04 சென்ட், பெட்ரோலுக்கு 65.45. பம்பில் விட்டதை ஆண்டு வரியில் பிடிக்கிறார்கள். எப்படியும் ஆண்டுக்கு நூறு யூரோ வித்தியாசம் யாருடைய இன்ஜின் தேர்வையும் பெரிதாக மாற்றுவதில்லை. வாங்கும் நாளில் மொத்தமாக வரும் வரிதான் மாற்றும்.

பிஸ்டன்ராஜா:

வீல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வரி இன்ஜினுக்கு அல்ல, அந்தக் குறிப்பிட்ட காருக்கு. ஐரோப்பாவில் 2018 செப்டம்பர் முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாவற்றுக்கும், எரிபொருளையும் கிராமையும் ஆய்வகத்தில் அளக்கும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனைதான். பழைய என்.இ.டி.சி. சோதனை 11 கி.மீ., 20 நிமிடம். இது 23 கி.மீ., 30 நிமிடம், உச்ச வேகம் 131. பழையதில் கூடுதல் பொருத்தங்களின் எடை கணக்கிலேயே வராது. புதியதில் ஒரே இன்ஜின் குடும்பத்தில் மிக இலகுவான, காற்றைச் சுலபமாகக் கிழிக்கும் காரையும், மிகக் கனமான காரையும் அளந்துவிட்டு, உங்கள் கார் இரண்டுக்கும் நடுவே எங்கே விழுகிறது என்று எடை, டயரின் உருளும் தடை, காற்றுத் தடை மூன்றையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். 19 இன்ச் வீல் என்றால் அகலமான டயர், உருளும் தடை அதிகம், திறந்த ஸ்போக்கில் காற்று சுழலும். கண்ணாடிக் கூரை எடையைக் கூட்டும். இழுவைக் கொக்கியும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஓரிரு கிராம்தான். ஆனால் உங்கள் பெட்ரோல் கார் 139-இல் நிற்கிறது. 140-இல் படி இருக்கும் அட்டவணையில் வீலும் கூரையும் சேர்ந்தால் அடுத்த படிதான்.

ஆகவே பட்டியலில் "139 முதல்" என்று போட்டிருப்பதை நம்பி ஆர்டர் போடாதீர்கள். அது வெறும் அடிப்படை வேரியண்ட்டின் எண். நீங்கள் தேர்ந்தெடுத்த எல்லாவற்றையும் சேர்த்த பிறகு வரும் கிராமை எழுத்தில் கேளுங்கள். கார் வந்ததும் அதனுடன் வரும் இணக்கச் சான்றிதழில் 49.4 என்ற வரியைப் பாருங்கள். தாழ், நடு, உயர், மிக உயர் என்று நான்கு வேகக் கட்டங்களுக்கும் தனித்தனி கிராம் இருக்கும், கீழே "ஒருங்கிணைந்த" என்ற எண் வரும். வரிக்கு அந்த ஒருங்கிணைந்த எண்தான் கணக்கு, ஐரோப்பியப் பதிவுச் சான்றிதழில் வி.7 என்ற கட்டத்தில் ஏறுவதும் அதுதான். சான்றிதழில் உள்ளதும் வி.7-இல் உள்ளதும் ஒன்றா என்று பதிவாகும் முன்பே சரிபாருங்கள். தவறான எண் ஏறிவிட்டால் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

இன்ஜின் தேர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படி வைத்த வரி, இன்ஜினை வடிவமைப்பவர்களையும் மாற்றிவிட்டது. படி 120-இல் இருந்தால் 123 கிராம் காரை 119-க்குக் கொண்டுவர என்னென்ன செய்வார்களோ எல்லாம் செய்வார்கள். மேல் கியர்களை நீளமாக்குவார்கள், ஸ்டெப்னியை எடுத்துவிட்டு பஞ்சர் ஒட்டும் பாட்டிலை வைப்பார்கள், தேவையில்லாதபோது முன் கிரில்லை மூடும் ஷட்டர் பொருத்துவார்கள், தடை குறைந்த டயர் போடுவார்கள். 2 லிட்டர் நாலு சிலிண்டர் போய் 1 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ வந்ததும் பெரும்பாலும் இதே வழியில்தான். அந்தச் சிறிய இன்ஜின் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பராமரிப்பில் பொறுமை கிடையாது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின் என்பதால் இன்டேக் வால்வில் கரி படியும், பெட்ரோல் அந்த வால்வைக் கழுவுவதே இல்லை. குறைந்த சுற்றில் உயர் கியரில் அழுத்தி ஓட்டினால் தீப்பொறிக்கு முன்பே எரிந்து பிஸ்டன் உடையும் அபாயமும் உண்டு. அதைத் தாங்கும்படி தயாரித்த எண்ணெயைத்தான் கையேடு சொல்லும், அதற்கு மாற்று போடக்கூடாது. சில மாடல்களில் டைமிங் பெல்ட் எண்ணெயிலேயே முங்கி ஓடும். தவறான எண்ணெய் ஊற்றினால் பெல்ட் உரிந்து அந்தத் துகள்கள் எண்ணெய் பம்ப்பின் வலையை அடைக்கும். வாங்கும்போது மிச்சமான வரி அந்த ஒரு ரிப்பேரில் போய்விடும்.

நீலத்தொட்டி:

டீசல் விஷயத்தில் கிராமை மட்டும் பார்க்கவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு எரிபொருள் அளவைப் பொறுத்தது. நைட்ரஜன் ஆக்சைடு எரியும் சூட்டையும் அழுத்தத்தையும் பொறுத்தது. டீசல் இரண்டாவதில்தான் மோசம். அயர்லாந்தில் 2007-இல் புதிய கார்களில் மூன்றில் ஒரு பங்குகூட டீசல் இல்லை. வரி கிராமுக்கு மாறிய சில ஆண்டுகளிலேயே பத்தில் ஏழு டீசலாகிவிட்டது. நகரக் காற்றுக்கு அது நல்லதாக இல்லை. 2020-இல் அதே நாடு நைட்ரஜன் ஆக்சைடுக்குத் தனி வரி கொண்டுவந்தது. 2021-இலிருந்து, கி.மீ.க்கு விடும் முதல் 40 மில்லிகிராமில் ஒவ்வொன்றுக்கும் 5 யூரோ, அடுத்த 40-இல் ஒவ்வொன்றுக்கும் 15, அதற்கும் மேல் 25. டீசலுக்கு உச்ச வரம்பு 4,850, மற்றவற்றுக்கு 600. 60 மில்லிகிராம் டீசல் 200 + 300, ஆக 500 யூரோ கட்டும். 20 மில்லிகிராம் பெட்ரோல் 100 யூரோவோடு போய்விடும். வெளிநாட்டிலிருந்து பழைய டீசலைக் கொண்டுவந்து பதிவு செய்பவர்களுக்குத்தான் உண்மையான அடி: 180 மில்லிகிராம் என்றால் 3,300 யூரோ.

சிங்கப்பூரும் கார்பனை மட்டும் பார்த்த திட்டத்தை 2018-இல் மாற்றிவிட்டது. இப்போது பல மாசுகளில் எது மிக மோசமோ அதுதான் காரின் படியைத் தீர்மானிக்கும். இந்த முறைதான் நேர்மையானது என்பேன். ஒன்றில் குறைத்து இன்னொன்றில் கூட்டித் தப்பிக்க வழி இல்லை.

உங்கள் ஓட்டத்தைக் கேட்காமல் டீசல் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் கணக்கில் வித்தியாசம் 6 கிராம்தான். அதற்காக மட்டும் டீசல் எடுக்க வேண்டாம். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்கு இடைவிடாத நெடுஞ்சாலை ஓட்டம் 15, 20 நிமிடமாவது வேண்டும். தினமும் நாலு கி.மீ. போய் வருபவருக்கு அந்தச் சுத்திகரிப்பு பாதியில் அறுந்து போகும். அதற்காகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே எண்ணெயில் கலந்து அளவுக் கம்பியில் மட்டம் ஏறும். எண்ணெய் குறையாமல் ஏறுகிறது என்றால் அதை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகையில் தெளிக்கும் யூரியாவின் தொட்டி காலியானால் ஒருமுறை நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அது சட்டப்படி வைத்த பூட்டு, கோளாறு இல்லை.

மும்முனை:

மிக்க நன்றி. 0.84-ஆல் வகுப்பது தெரியாமல்தான் என் பட்டியல் முழுக்கத் தப்பாக வந்திருக்கிறது. கடைசியாக ஒன்று: சார்ஜ் போட்டும் ஓட்டும் பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு 25, 30 கிராம் என்று போடுகிறார்களே, அந்த எண்ணை வைத்து விலையை ஒப்பிடலாமா?

கிராம்கணக்கு:

வரிக்கு மட்டும் ஒப்பிடலாம், பெட்ரோல் செலவுக்குக் கூடாது. அந்த எண், தூரத்தில் எவ்வளவு பங்கை மின்சாரத்தில் ஓட்டுவீர்கள் என்ற ஊகத்தால் பெருக்கி வருவது. பேட்டரி தீர்ந்தபின் 150 கிராம் விடும் கார், 80 சதவீதம் மின்சாரத்தில் ஓடும் என்று வைத்தால் 30 கிராம். 55 சதவீதம் என்று வைத்தால் 67.5. காரில் ஒரு ஆணிகூட மாறவில்லை. ஐரோப்பிய விதிகளில் இந்த ஊகத்தைத் தீர்மானிக்கும் எண் 800 கி.மீ.யாக இருந்தது. 2025-இல் புதிய வகைகளுக்கு 2,200 ஆக்கினார்கள், அடுத்த கட்டம் 4,260. எண் ஏற ஏற மின்சாரப் பங்கு இறங்கும், கிராம் ஏறும். கார்களிலேயே பதிவாகும் எரிபொருள் அளவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட கணக்கில், பிளக்-இன் கார்கள் சாலையில் விட்டது சான்றிதழ் எண்ணைப் போல மூன்றரை மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசலில் அந்த வித்தியாசம் 20 சதவீத அளவுதான். எனவே விற்பவரிடம் "பேட்டரி தீர்ந்தபின் எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். உங்கள் 107 கிராம் ஹைப்ரிட்டோடு ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பிஸ்டன்ராஜா:

ஒன்று விட்டுப்போனது. பெரும்பாலான நாடுகளில் எந்த அட்டவணை என்பதை ஆர்டர் போட்ட தேதி தீர்மானிப்பதில்லை, முதல் பதிவுத் தேதிதான். அட்டவணை வழக்கமாக ஜனவரியில் இறுகும். நவம்பரில் ஆர்டர் போட்டு பிப்ரவரியில் கார் வந்தால் புது வரி உங்கள் தலையில்தான். ஆகையால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: டெலிவரி தாமதத்தால் கூடும் வரி யார் பொறுப்பு என்று ஒன்று, சான்றிதழில் கிராம் ஆர்டரில் சொன்னதை விட அதிகம் வந்தால் ரத்து செய்யும் உரிமை என்று இன்னொன்று.