முளைகட்டும் மூட்டைக்குள் சூடும் வழவழப்பும்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர்த் தட்டு:
அரைக்கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை. ராத்திரி முழுக்க ஊறல், காலையில் வடிகட்டல், பழைய வேட்டித் துணியில் இறுக்கிக் கட்டி, பாத்திரத்தில் வைத்து மூடி. மறுநாள் அவிழ்த்தால் ஓரத்துக் கடலையெல்லாம் அழகாக முளை விட்டிருக்கிறது. நடுவில் விரலை விட்டால் வெதுவெதுவென்று சூடு! எடுத்த கடலை நூல் நூலாக இழுபடுகிறது, புளித்த வாடை வேறு. கேட்டால் எல்லோரும் சித்திரை வெயில் என்கிறார்கள். ஓரத்துக் கடலைக்கும் அதே வெயில்தானே?

கொங்கு அடுப்பு:
வெயில் பாதி, மூட்டை மீதிங்க. முளை விடுகிற விதை மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு கிளம்பும். அரைக்கிலோ கடலை ஊறினால் ஏறக்குறைய ஒரு கிலோ. அதை இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கும் சூட்டுக்கு வெளியேற வழியில்லை, காற்றுக்கு உள்ளே போக வழியில்லை. காற்றில்லாத ஈரச்சூட்டில் விதை செத்துப் பாக்டீரியா பெருகும். அந்த நூல் அதுதான்.

ஒரு மூட்டைக்கு 100, 150 கிராம் போதும். தளர்வாகக் கட்டித் தொங்க விடுங்க. பாத்திரம்தான் வேண்டுமென்றால் ஓட்டைத் தட்டில், இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்க. அடியில் தண்ணீர் தேங்கவே கூடாது. காலையும் மாலையும் அலசணும், கோடையில் மத்தியானமும். அலசுவது ஈரத்துக்காக மட்டுமில்லை, சூட்டை இறக்கவும்தான். சொட்டுவது நின்ற பிறகு மறுபடி கட்டுங்க.

ஊறலையும் பாருங்க. கோடையில் ராத்திரி முழுக்க ஒரே தண்ணீரில் கிடந்து மேலே நுரை கட்டியிருந்தால் அப்போதே புளிக்க ஆரம்பித்தாச்சு. கடலைக்கு 8 முதல் 10 மணி நேரம், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றம். பச்சைப்பயறுக்கு 6 முதல் 8 போதும்.

பயறுப்பானை:
நுரை, சூடு இரண்டும் கிடையாது. பச்சைப்பயறு, தட்டில்தான் பரப்பியது. காலையில் திறந்தால் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் வெள்ளைப் பஞ்சு! பூசணம் என்று முழுசும் குப்பைக்குப் போனது.

மதுரை மல்லி:
அநியாயம். அது வேர்த்தூவி. ஈரம் குறைந்தால் வேர் தண்ணீர் தேடி விடுகிற மயிர். அலசாமல் அதிக நேரம் விட்டிருப்பீர்கள்.

கொங்கு அடுப்பு:
பார்க்காமலே அநியாயம் என்று எப்படிங்க சொல்றீங்க? பூசணமும் வெள்ளைதான். தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வேர்த்தூவி நனைந்ததும் வேரோடு ஒட்டி மறையும். எல்லாப் பயறிலும் ஒரே அளவில், வேரில் மட்டும் இருக்கும். பூசணம் சிலந்தி வலை மாதிரி ஒரு பயறிலிருந்து அடுத்ததற்குத் தாவும், தோல் மேலும் ஏறும், முளைக்காத பயறில்தான் முதலில் பிடிக்கும், மக்கல் வாடை வரும். அதுவென்றால் கெட்டதை மட்டும் பொறுக்கி எறிவது போதாது, முழுசையும் கொட்டணும். துணியைக் கொதிக்க வைத்து வெயிலில் காயப் போடுங்க.

சைவத்தட்டு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாடை நன்றாக இருந்தால் பச்சையாகத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். முளைக்கத் தேவையான அதே ஈரமும் சூடும் சால்மோனெல்லா, ஈ.கோலை என்ற கிருமிகளுக்கும் பிடிக்கும், வாடையில் எதுவும் தெரியாது. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவிய ஈ.கோலையால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிருமி விதையோடு வருவதால் அலசினால் போகாது. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சைப்பயறு இட்லிப் பானை ஆவியில் ஆறேழு நிமிடம். கடலைக்குக் குக்கரில் இரண்டு விசில். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் பயறின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

ராஜ்மாவை முளைகட்டிச் சாலட்டில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முளைத்தாலும் அதிலுள்ள லெக்டின் நச்சு போகாது. தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டில் வாந்தி, பேதி. விதைக்கடையில் விதைப்புக்கென்று விற்கும் பயறும் வேண்டாம், திரம் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். இன்னொன்று, முழுச் சைவத்துக்கு மாறியவர்கள் முளைப்பயறில் வைட்டமின் பி12 கிடைக்கும் என்று நம்பி மாத்திரையை விடாதீர்கள். அதில் இல்லை.

ஈப்போ:
எங்கள் மலேசியாவில் தவுகே என்று சொல்கிற முளைப்பயறும் இதே பச்சைப்பயறுதான். வீட்டில் செய்தால் கம்பி மாதிரி நீள்கிறது, தண்டு பருப்பதில்லை. இங்கே சுண்ணாம்பு மலைத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள்.

கொங்கு அடுப்பு:
தண்ணீரைவிட முதலில் பாரம் வைத்துப் பாருங்க. அடியில் ஓட்டை போட்ட டப்பா, இருட்டு, பயறு மேல் ஈரத்துணி, துணி மேல் ஒரு தட்டு, அதன் மேல் கொஞ்சம் கனம். முட்டி முளைக்கும்போது பயறு எத்திலீன் என்ற வாயுவை அதிகம் விடும். நீளம் குறைந்து தண்டு பருக்கும். நான்கைந்து நாள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறிக் கசக்கும்.

தஞ்சாவூர்த் தட்டு:
நூறு நூறாகப் பிரித்துத் தொங்க விட்டதில் சூடு இல்லை, வாடை இல்லை. ஆனால் வெந்த பிறகும் பல்லில் கடக்கென்று இரண்டு மூன்று கல்லுக்கடலை.

மதுரை மல்லி:
தோல் தண்ணீர் இழுக்காத கடலை அது, குக்கரிலும் வேகாது. ஊறியதும் தட்டில் கொட்டிப் பாருங்கள். மற்றதெல்லாம் உப்பியிருக்கும், அது மட்டும் சின்னதாக, தோல் சுருங்காமல் கிடக்கும். கட்டுவதற்கு முன்பே பொறுக்கிவிடுங்கள்.