இங்கிலாந்தில் உங்களுக்குப் பிடித்துப்போனது எது? (சம்பளம் என்று சொல்லக் கூடாது)

ஹாரோவிலிருந்து:

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் "அங்க அப்படி என்னதான்பா இருக்கு?" என்று கேட்கிறார்கள். பவுண்டு, அரண்மனை, லண்டன் பாலம் எல்லாம் வேண்டாம். முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் நீங்களே பழகிப்போன ஒன்றைச் சொல்லுங்கள்.

என் ஓட்டு வரிசைக்கு. விம்பிள்டனில் அன்றன்றைக்குக் கொடுக்கும் டிக்கெட்டுக்காக முந்தின நாளே பூங்காவில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள், நிற்பவர் கையில் எண் போட்ட அட்டை வேறு, எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு கையேடும் உண்டு. 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணிக்கு அஞ்சலி செலுத்தத் தேம்ஸ் கரையோரம் நின்ற கூட்டம் நினைவிருக்கிறதா? வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று அரசாங்கமே யூடியூபில் நேரலை ஓட்டியது. டேவிட் பெக்காமே 12 மணி நேரம் நின்றார். இடம் நிரம்பிவிட்டது, வராதீர்கள் என்று அறிவித்ததும் ஜனம் என்ன செய்தது தெரியுமா, அந்த வரிசையில் சேர்வதற்கு இன்னொரு வரிசை கட்டியது!

எங்கள் தெரு பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் நான் மட்டும் நின்றிருந்தேன். ஒரு பாட்டி வந்து, சுற்றிலும் காலி இடம் கிடக்க, சரியாக என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "நீங்கள்தானே வரிசை?" என்றார். பஸ் வந்தது. "நீங்க ஏறுங்கம்மா" என்ற பொருளில் கையைக் காட்டினேன், அவர் அசையவே இல்லை, "முதலில் வந்தது நீங்கள்" என்கிறார், நான் மறுக்க, அவர் மறுக்க, கடைசியில் ஓட்டுநர்தான் "யாராவது ஒருவர் ஏறுகிறீர்களா?" என்று கேட்டார்.

ஷெஃபீல்டிலிருந்து:

அண்ணே, எனக்குப் பிடித்தது அடுத்தவர் வயலுக்குள் உரிமையோடு நடப்பது. நம் ஊரில் ஒருவர் வரப்பில் கால் வைத்தால் பஞ்சாயத்து. இங்கே இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல் பொதுப்பாதை இருக்கிறது, வயலின் நடுவிலேயே போகும், மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடந்து போகலாம், நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வயல் நடுவே போகும் பாதையை உழுதுவிட்டால், 14 நாளுக்குள் விவசாயியே அதைச் சரிசெய்து தர வேண்டும். இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. எங்கள் பக்கத்து கிண்டர் ஸ்கவுட் மேட்டில், 1932 ஏப்ரலில், ஆலைத் தொழிலாளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்கும் போனார்கள். மேட்டு நிலங்களில் இஷ்டம்போல் சுற்றலாம் என்று சட்டம் வர 2000 ஆகிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி காளை விதி. பாதை போகும் வயலில், பால் மாட்டு இனத்துக் காளையாக இருந்து பத்து மாதம் தாண்டியிருந்தால் விடக் கூடாது. மற்ற இனம் என்றால், பசுக்களோடு சேர்த்து விடலாம். சரி, எதிரே நிற்பவரிடம் போய் "ஐயா, தாங்கள் என்ன இனம், வயது என்ன?" என்று யார் கேட்பது?

லெஸ்டரிலிருந்து:

எனக்கு மஞ்சள் ஸ்டிக்கர், அதாவது அன்றைக்கே விற்றாக வேண்டிய பொருளில் ஒட்டும் விலைக்குறைப்புச் சீட்டு. சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைக்கும் மிஷினோடு ஊழியர் வெளியே வருவார். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தக்காளியையே பார்க்காதவர்கள் மாதிரி தக்காளியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒருவரும் அவசரப்படுவதாகக் காட்டிக்கொள்ள மாட்டோம், அவர் நகர்ந்தால் எல்லோரும் நகர்வோம். அவர் கையிலிருந்து பிடுங்குவது மட்டும் கூடாது, அலமாரியில் வைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். எங்கள் தெரு குஜராத்தி அத்தை இதில் கை தேர்ந்தவர். கோழி எந்த நேரத்துக்குக் குறையும், ரொட்டி எப்போது குறையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, கேட்டால் மட்டும் சொல்லவே மாட்டார்.

ரெடிங்கிலிருந்து:

வெயில் வந்தால் இவர்கள் படும் சந்தோஷம்! 22 டிகிரி போதும், அலுவலகத்தில் பாதிப் பேர் வெளியே புல்லில் கிடப்பார்கள், இறைச்சி சுடும் புகை தெரு முழுக்க. ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகளைத் தூங்க வைப்பது மட்டும் பெரும்பாடு. வேலூர்க்காரனான என்னிடம் "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்பார்கள். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயர் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி, இந்த நாட்டிலேயே அதுதான் உச்சம். வேலூரில் அது சாதாரண மே மாதம், ஆனால் அங்கே வீட்டில் மின்விசிறி இருக்கும். இங்கே வீட்டைக் கட்டியதே சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான்.

லெஸ்டரிலிருந்து:

ஷெஃபீல்டு தம்பி, நாங்கள் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறோம். மாடு உண்மையிலேயே துரத்தினால்?

ஷெஃபீல்டிலிருந்து:

ஓடாதீர்கள் அக்கா, கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல் வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். கையில் நாய் இருந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள், மாட்டுக்குக் கோபம் நாயின் மேல்தான், நாய் தப்பித்துக்கொள்ளும். மாமாவைக் கூட்டி வந்தால் அவருக்கும் இதே விதியா என்று கேட்காதீர்கள்.