முதியோர் இல்லப் பதிவுகளை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சாட்ஸ்வர்த் சிஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறேன். பதிவுகளை எல்லாம் டிஜிட்டல் ஆக்கும் வேலையைக் கமிட்டி என் தலையில் கட்டிவிட்டது. மருந்துச் சார்ட், பழைய ஃபைல்கள், வீடுகளுக்குப் போகும் கேர்கிவர்களின் குறிப்பு, சோஷியல் வொர்க்கர் அறிக்கை எல்லாமே ஆறு மாதத்தில் மாற வேண்டுமாம். கமிட்டித் தலைவரோ டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி அரசு மருத்துவமனையைக் காட்டி, "அங்கே 2002லேயே காகிதம் இல்லையே" என்கிறார்.

சாஃப்ட்வேர் விற்க வந்த பையன் டெமோ காட்டினான். அதில் மாத்திரை என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று, அவ்வளவுதான். எங்களிடம் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் டெஸ்ட்) ரிசல்ட் வந்த பிறகு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் அளவு மாறும் தாத்தா இருக்கிறார். சர்க்கரை அளவைப் பார்த்து இன்சுலின் போடும் பாட்டிகள் இருக்கிறார்கள். கேட்டால், "அது அடுத்த வெர்ஷனில் வரும், சிஸ்டர்" என்கிறான்.

கேர்கிவர்கள் பெரும்பாலும் இசிஸுலு பேசுகிறவர்கள். வாட்ஸ்அப்பில் என்னைவிடக் கெட்டிக்காரிகள். ஆனால் டேப்லெட் என்றதும், "எங்களை வேவு பார்க்கவா?" என்று கேட்கிறார்கள். ஐடி ஆள் என்று இங்கே யாரும் கிடையாது. இப்படி ஒரு வேலையை நடத்திப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வெரூலம் வாசி

அக்கா, லுத்துலி மருத்துவமனை காகிதமில்லாமலே திறந்தது, அதுவும் தனியாரோடு சேர்ந்த பெரிய ஒப்பந்தத்தில். பழைய ஃபைல் மலை அவர்களுக்கு இல்லை. தலைவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

மருந்துச் சார்ட்டில் கை வைக்காதீர்கள். யார் யார் என்ற பட்டியலில் ஆரம்பியுங்கள். சாட்ஸ்வர்த்தில் எத்தனை கோவெண்டர், எத்தனை நாயுடு, எத்தனை பிள்ளை! ஒரே பெயரை மகன் ஒருவிதமாகவும் கிளினிக் ஒருவிதமாகவும் எழுதும். நம் தென்னாப்பிரிக்க அடையாள அட்டையின் 13 இலக்க ஐடி எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த நான்கு 5000-க்குக் கீழே என்றால் பெண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக உள்ளது, அதனால் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் நல்ல சாஃப்ட்வேர் உடனே நிறுத்தும். டெமோவில் வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பாருங்கள், பையனின் முகம் சொல்லிவிடும். ஐடியில் பிறந்த தேதியே தப்பாக உள்ள முதியவர்களும் உண்டு. அதனால் போட்டோவும் சேருங்கள்.

இன்னொன்று. நான் இருந்த ஒரு மருத்துவமனையில் காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் எழுதச் சொன்னார்கள். நிறுத்தும் தேதியை யாரும் சொல்லவில்லை. நர்சுகள் காகிதத்தை நம்பினார்கள், கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக அடித்தார்கள். மேலே உள்ளவர்கள் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எந்தக் காகிதம் எந்தத் தேதியில் நிற்கும் என்று முடிவெடுப்பதுதான் அக்கா உங்கள் வேலை. டேப்லெட்டை எவனும் வாங்கித் தருவான்.

ஃபீனிக்ஸ் பார்மசிக்காரி

மருந்துச் சார்ட்டைத் தள்ளிப்போடச் சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். கம்ப்யூட்டரில் ஏற்றுவதைத் தள்ளுங்கள், பட்டியலைச் சரிபார்ப்பதைத் தள்ளாதீர்கள். சிலருக்கு அரசு கிளினிக்கிலிருந்து சிசிஎம்டிடி (நாள்பட்ட நோய் மருந்தைப் பொட்டலமாகத் தரும் அரசுத் திட்டம்) பார்சல் வரும், சிலருக்கு மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) வழியாக வரும், மகள் வேறு தனியாக வாங்கி வருவாள். ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினே இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே அலமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதை அப்படியே ஏற்றினால் கம்ப்யூட்டரும் இரண்டு முறை கொடுக்கச் சொல்லும். ஒவ்வொருவருக்கும் மருந்தின் சொந்தப் பெயரில் ஒரு பட்டியல் போட்டு டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடும் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் 6 மருந்துகளின் ரெஜிஸ்டரை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

சாட்ஸ்வர்த் சிஸ்டர்

இரண்டு பேருக்கும் நன்றி. அம்லோடிபின் கதையைப் படித்ததும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மேலே எதுவும் சொல்ல விரும்பவில்லை! கரண்ட் விஷயம் என்ன? லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கினாலும் எங்கள் தெருவில் கேபிள் கோளாறால் கரண்ட் போவது நிற்கவில்லை.

வெரூலம் வாசி

ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும். ஆனால் நெட் இல்லாதபோதும் டேப்லெட்டில் எழுத முடிய வேண்டும், திரும்பி வந்ததும் தானே சேர வேண்டும். டெமோவில் வைஃபையை அணைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வேவு என்ற பயத்துக்கு வருவோம். எந்தத் தகவலை யார் பார்ப்பார்கள் என்று எழுதி கேர்கிவர்களிடம் கொடுங்கள், இசிஸுலுவிலும்தான். உண்மையிலேயே வேவு பார்க்கிற வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

டோங்காட் வக்கீல் தம்பி

அக்கா, தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டப்படி உடல்நலத் தகவல் சிறப்பு வகை. இல்லத்தின் தலைவர்தான் இன்ஃபர்மேஷன் ஆபீசர் (அந்தச் சட்டப்படி பொறுப்பாளர்), இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் பதிவு செய்தாரா என்று கேளுங்கள். புண் போட்டோ போடும் வாட்ஸ்அப் குரூப் இருந்தால் இன்றே மூடுங்கள். சர்வர் வெளிநாட்டில் இருந்தால், தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்புவது பற்றிய 72-ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை முறித்தால் எல்லாப் பதிவும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.