பழைய எலக்ட்ரிக் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா? நாளைக்குக் கையெழுத்து

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இங்க வந்து இன்னும் வருஷம் திரும்பல. எலக்ட்ரிக் கார் ஒண்ணு பேசி முடிச்சாச்சு. இப்ப டீலர் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் (கம்பெனி வாரண்டி முடிஞ்ச பிறகு ரிப்பேர் செலவுக்குன்னு தனியாக் காசு கட்டி வாங்கறது) எடுத்தே ஆகணும்னு நிக்கிறார். பேட்டரி போச்சுன்னா கார் விலையில பாதி போயிடும்னு சொல்லிட்டார், அதைக் கேட்டதுலேர்ந்து என் மனைவிக்குத் தூக்கம் இல்ல. தவணையோட சேர்த்துட்டா பெருசா தெரியாதாம். ராத்திரிக்குள்ள யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

தெற்குக்காற்று:
எந்த நாடு, எந்த வருஷ மாடல், எவ்வளவு ஓடியிருக்கு? பழசுன்னு தலைப்புல மட்டும்தான் இருக்கு தம்பி. பேட்டரி பயத்தை முதல்ல இறக்கி வைங்க. தயாரிப்பாளரே பேட்டரிக்குத் தனியா வாரண்டி தர்றாங்க. பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துதோ அது. அதுக்குள்ள கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழ போனாலும் பல கம்பெனிகள் சரிசெஞ்சு தரும். ஓனர் மாறினாலும் அது பொதுவா காரோடயே வரும்.

மாமரத்தடி:
தம்பி, வாரண்டியை விடுங்கோ. வீட்டில சார்ஜ் போட இடம் இருக்கோ? நாங்கள் வந்த முதல் குளிர்காலம் வாடகை வீடு, கார் நிப்பாட்டவே இடமில்லை. வேலைக்குப் போறதுக்கு விடிய முன்னம் பஸ்ஸுக்கு நிண்டு கால் விறைச்சுப் போகும். குளிருக்க இந்தக் கார்கள் ஓடுற தூரமும் நல்லாக் குறையும், அதையும் யோசியுங்கோ.

நித்யகல்யாணி:
என் அனுபவம் வேற. எனக்குப் பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல. காருக்குள்ளயே இருக்கிற சார்ஜர் போச்சு, அடிப்படை வாரண்டி முடிஞ்ச பிறகு. எக்ஸ்டெண்டட் இருந்ததால கைக்காசு போகல. கண்ணை மூடிட்டு எடுங்க தம்பி.

கணக்கன்:
கண்ணை மூடிட்டு எதையும் எடுக்காதீங்க. நஷ்டம் வராதுன்னு கணக்குப் பார்த்துதான் இதை விக்கிறாங்க. தவணையில சேர்த்தா வாரண்டிக்கும் வட்டி கட்டணும். அந்தத் தொகையைத் தனிக் கணக்குல போட்டு வச்சுக்கிட்டா, ரிப்பேர் வந்தா எடுக்கலாம், வரலேன்னா உங்க காசு.

நித்யகல்யாணி:
புதுசா வந்தவங்க கையில தனியா ஒதுக்க எங்க காசு இருக்கு? அட்வான்ஸ், இன்சூரன்ஸ், குழந்தை ஸ்கூல்னு எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்கும்.

மாமரத்தடி:
அது உண்மை. ஊரில எத்தனை வருசம் ஓடியிருந்தாலும் இஞ்ச இன்சூரன்ஸ்காரருக்கு நாங்கள் புது டிரைவர்தான். கடன் வரலாறும் இல்லையெண்டு வட்டியைக் கூட்டுவினம்.

கணக்கன்:
சர்வீஸ் சென்டர்ல தேதி வாங்கறதே பெரும்பாடு. பார்ட்ஸ் வரலேன்னு காரை வாரக்கணக்குல நிறுத்தி வைக்கிறாங்க, யாரைக் கேட்டாலும் பதில் இல்ல.

புதுவரவு:
மன்னிக்கணும், குழந்தைக்குக் காய்ச்சல், இப்பதான் பார்த்தேன். கார் 2020 கடைசியில முதல் பதிவு, 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வீட்ல சார்ஜ் வசதி இருக்கு ஐயா. டீலர் விக்கிற வாரண்டி 2 வருஷத்துக்காம்.

தெற்குக்காற்று:
இப்ப பேசலாம். நாட்டை இன்னும் சொல்லல, பரவாயில்ல. கம்பெனி வாரண்டி நாள் நீங்க வாங்கற தேதியிலேர்ந்து ஓடாது, முதல் பதிவுலேர்ந்துதான். 8 வருஷ வாரண்டின்னா உங்க பேட்டரிக்கு 2028 கடைசி வரைக்கும் இருக்கு. டீலர் எதைக் காட்டி பயமுறுத்தறாரோ, அதுக்கு நீங்க மறுபடி காசு கட்ட வேண்டியதில்ல. கார் வெள்ளத்துல மாட்டியதா, விபத்துல கழிச்சுக்கட்டப்பட்டதா மட்டும் பாருங்க, அப்படின்னா அந்த வாரண்டியே செல்லாமப் போகலாம்.

மிச்சம் இருக்கிறதுதான் உண்மையான கேள்வி. ஆன்போர்டு சார்ஜர் (காருக்குள்ளயே இருக்கிறது), ஹீட் பம்ப் (காருக்குள்ள சூடு தர்றது), ஏசி கம்ப்ரெஸர், டச் ஸ்க்ரீன், சஸ்பென்ஷன். பெரும்பாலான கம்பெனிகள்ல இதுக்கெல்லாம் வாரண்டி 3, 4 வருஷத்துலயே முடிஞ்சிருக்கும். நித்யகல்யாணி அக்கா சொன்னது இங்கதான் பொருந்துது. டீலர் பேச்சை நம்பாம ஒப்பந்தத்தையே வாங்கிப் படிங்க. இந்தப் பாகங்கள் பேர் சொல்லி இருக்கா, ஒரு ரிப்பேருக்கு உச்சவரம்பு என்ன, முதல்ல நம்ம கைக்காசு எவ்வளவு, ஹை வோல்டேஜ் வேலை தெரிஞ்ச எந்தப் பட்டறையில செய்யலாம். டயர், பிரேக் பேட், தனியா இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரி பொதுவா இதுல வராது. பெரிய பேட்டரியோட கொள்ளளவு மெல்லக் குறையறதையும் இந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியில பொதுவா தேய்மானம்னு ஒதுக்கிடுவாங்க.

இன்னொண்ணு, சட்டமே பாதுகாப்பு தரும். ஐரோப்பிய ஒன்றியத்துல விக்கிறவர் 2 வருஷம் பொறுப்பு, பழைய பொருளுக்குப் பல நாடுகள்ல ஒப்பந்தம் போட்டு 1 வருஷமாக் குறைக்கலாம். ஆஸ்திரேலியாவுல நுகர்வோர் சட்ட உரிமை கம்பெனி வாரண்டி முடிஞ்ச பிறகும் நீடிக்கலாம். அப்படி ஏற்கெனவே இருக்கிறதுக்கே காசு கட்டற மாதிரி ஆகக்கூடாது.

என் கருத்து: அந்தப் பாகங்கள் பேர் சொல்லி இருந்து, உச்சவரம்பும் கட்டுபடியானா எடுக்கலாம். இல்லேன்னா கணக்கன் சொன்ன வழி. எப்படியும் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் கைக்கு வராம கையெழுத்துப் போடாதீங்க.

புதுவரவு:
ரொம்ப நன்றி அண்ணா. ஒப்பந்தமும் ரிப்போர்ட்டும் கேட்டு டீலருக்கு மெயில் போட்டுட்டேன். லோனும் வாரண்டியும் ஒரே படிவத்துல இருக்கு, பிரிச்சுக் கேக்கலாமா?

கணக்கன்:
கண்டிப்பா கேளுங்க. வாரண்டி இல்லாம மாசத் தவணை எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம்னும் அதே மெயில்ல சேர்த்துடுங்க.